டீ மாஸ்டர் ஆத்தின சிவப்பு பீர்

டேவிட்டு,

போன்ல நீ கேட்டதுக்கு "பாக்கலாம்டா"ன்னு சொல்லி வெச்சேனே, அது பொய். மாட்டேன்னு சொல்ல வாய் வரல, அவ்வளவுதான். கல்யாண மாப்பிள்ளை அவ்வளவு குஷியாப் பேசிக்கினு இருக்கும்போது நடுவுல பூந்து கெடுக்க எனக்கு மனசு இல்ல. கேக் வெட்டினதும் ரெண்டு சம்பந்தியும் மேடையில நின்னு கிளாஸைத் தூக்கணும், அது பொண்ணு ஷீலா வீட்டு வழக்கம், கோட்டயத்துல அவங்க ஒயின் தூக்குவாங்க, அயர்லாந்துல நடக்கப்போற நம்ம கல்யாணத்துல அதுக்குப் பதிலா நீ வீட்டுல காய்ச்சின சிவப்பு பீரைத் தூக்கலாம்னு சொன்ன. அது வரைக்கும் சரி. அப்புறம் சொன்ன பாரு, "நீ ஒரே ஒரு வாய் குடிச்சா போதும்பா, பன்னெண்டு வருசம் ஆயிடுச்சு, இனிமே இன்னா ஆவப்போவுது"ன்னு. ஆவும்டா. அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால முதல்லயே சொல்லிடறேன், நான் குடிக்க மாட்டேன். ஒரு வாய் இல்ல, உதட்டுல கூட வைக்க மாட்டேன். உங்கம்மாதான் சொன்னா, "போன்ல சொன்னீன்னா ஆமாம்பா ஆமாம்பான்னு வெச்சுடுவான், எழுது, எழுதினா ரெண்டு தபா படிப்பான்"னு. ரெண்டு தபா படி.

உனக்கு அந்த ஒரு வாய்க் கதை முழுசாத் தெரியாது. நான் முதல் தடவை குடியை விட்டப்போ நீ பிளஸ் டூ. ரெண்டு வருசம் தொடாம இருந்தேன். திருக்கழுக்குன்றத்துல நம்ம டீக்கடைக்கு வர்றவன் எல்லாம், "இன்னா மாஸ்டர், மூஞ்சி தெளிஞ்சு கீது"ன்னு சொல்லுவான். மலைக்கு வர்ற வெளியூர்க்காரங்க கழுகு எத்தினி மணிக்கு வரும்னு கேட்டா, பொறுமையா நின்னு பதில் சொல்ற அளவுக்கு நல்லவனா ஆயிட்டேன். அப்போதான் மதுராந்தகத்துல உன் மாமன் வீடு கட்டி, புது வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டான். ஜெபம் முடிஞ்சு பாஸ்டர் கெளம்பினதும் மொட்டைமாடியில பாட்டில் வந்துடுச்சு. "இன்னா மச்சான், சாமியார் மாதிரி குந்திகினு கீற? என் வூட்டுக்காக ஒரு வாய் போட மாட்டியா?"ன்னான். ஆசையாத்தான் கேட்டான், பாவம், அவன் மேல தப்பு இல்ல. போட்டேன். சத்தியமா ஒரே வாய். அன்னிக்கு ஒண்ணும் ஆவல. மறுநாளும் ஒண்ணும் ஆவல. பாத்தியா, நாம சரியாயிட்டோம்னு நெனைச்சு உள்ளுக்குள்ள பெருமைப்பட்டேன். மூணாம் நாள் யாரும் கூப்பிடாம நானே நடந்துபோய் வாங்கினேன். மூணு மாசம் போச்சு.

அந்த மூணு மாசத்தோட கடைசிதான் உன் இடது மணிக்கட்டுல கீற தழும்பு. இத இன்னிக்கு வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசினது இல்ல. பேசிடுவோம். நீ நர்சிங் ரெண்டாம் வருசம், லீவுக்கு வந்திருந்த. காலைல ஏழு மணி, அணுபுரத்துல டியூட்டிக்குப் போற வேன் நம்ம கடை முன்னாடி நின்னு பத்துப் பன்னெண்டு பேர் இறங்கிட்டாங்க. நீ கிளாஸ் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கினு என் பக்கத்துல நின்ன. எனக்குக் காலைல கை நடுங்கும், ஒரு மணி நேரம் போனாத்தான் நிக்கும், அது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் எல்லாரும் பாக்கறாங்களேன்னு கையை மேல தூக்கி, ஒரு கெஜம் உயரத்துலருந்து டீயை ஆத்தினேன். கீழ இருந்த சொம்புல விழ வேண்டியது உன் கையில விழுந்துச்சு. கொதிக்கக் கொதிக்க. நீ கத்தல டேவிட்டு. ஸ்டாண்டைக் கீழ வெச்சுட்டு, குழாயைத் தொறந்து கையை வெச்சுக்கினு, வேன்காரங்களைப் பாத்து, "கை வழுக்கிடுச்சுண்ணே, ஒண்ணும் இல்ல"ன்னு சொன்ன. எனக்காக. நான் இன்னா செஞ்சேன் தெரியுமா? உங்கம்மா ஓடி வந்து கேட்டப்போ, "புள்ள என் முழங்கையைத் தட்டிட்டான்"னு சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பாத்த. உங்கம்மா உன்னையே திட்டிக்கினு மருந்து தடவினா. அத நின்னு வேடிக்கை பாத்த நாயி நான்.

அன்னிக்கு விட்டதுதான். விட்டேன்னு சொல்றது சுலபம், சாயங்காலம் ஆறு மணியானா கால் தன்னால அந்தப் பக்கம் நடக்கும். அதனால ஆறு மணிக்கு நான் ஊர்லயே இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணேன். நாலு மணிக்கெல்லாம் சுக்கு, மல்லி, ஏலக்காய், கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, சுக்கு காபி கேனை எடுத்துக்கினு பஸ் ஏறி மாமல்லபுரம் போயிடுவேன். அங்க தெரிஞ்சவன் வீட்டுல ஒரு சைக்கிள் வெச்சிருந்தேன். கடற்கரை ரோட்டுல ஒம்பது மணி வரைக்கும் சுத்துவேன். சிற்பப் பட்டறைக்காரங்க, மீன்காரங்க, வெள்ளைக்காரங்க எல்லாரும் நமக்கு வாடிக்கை. கடல் காத்துல குளிர்ந்து போய் நிக்கறவங்களுக்கு சூடா ஊத்திக் குடுத்தா ஒரு வாய் உறிஞ்சிட்டு "ஹா"ன்னு சொல்லுவாங்க. அந்த "ஹா"வைக் கேக்கறதுக்குன்னே ஒன்றரை வருசம் ஒரு நாள் விடாம போனேன். எனக்கு மசாலாவுல மூக்கு வந்தது அங்கதான். எத எப்பப் போட்டா வாசனை நிக்கும், எத எப்பப் போட்டா கசக்கும்னு அந்தக் கேன்தான் கத்துக் குடுத்துச்சு.

இப்ப உன் ஊர்க் கதைக்கு வர்றேன். ரெண்டு வருசம் முன்னாடி அயர்லாந்துக்கு வந்தேனே, உங்கம்மா பிளேன் ஏறவே மாட்டேன்னு அழுததால நான் மட்டும் வந்தேனே, அப்போ. முதல் நாள் உன் சமையல்ரூம் மூலையில பெரிய வெள்ளை பக்கெட்டு, மூடி மேல கண்ணாடிக் குழாய், அது பாட்டுக்கு குளுக் குளுக்னு சத்தம். இன்னாடா இதுன்னேன். "பீர்ப்பா, நானே செய்யறேன்"னு சாதாரணமாச் சொன்ன. "வூட்லயே காய்ச்சறியாடா பாவி? போலீசு வந்தா இன்னா பண்ணுவ?"ன்னு ஜன்னல் ஸ்கிரீனை இழுத்து மூடினேன். நீ சிரிச்ச சிரிப்புல உனக்குப் புரையேறிடுச்சு. இங்க சட்டப்படி சரிதான்பா, நம்ம ஊரு மாதிரி இல்லன்னு நீ பத்து தடவை சொன்னப்புறமும் காலிங்பெல் அடிச்சா எனக்குத் தூக்கிப் போடும். ஆனா போலீஸ் பயம் சும்மா டேவிட்டு. உண்மையான பயம் வேற. என் புள்ளைக்கு வேற எதுவும் கிடைக்கலியா, இதுதானா கிடைச்சுதுன்னு ராவெல்லாம் தூக்கம் இல்லாம கெடந்தேன்.

அடுத்த வாரம் நீ அந்த டின்னைக் கொண்டாந்து டேபிள்ல வெச்ச. கிறிஸ்துமஸ் மாசம் மட்டும் கடைக்கு வருமாமே, மசாலா போட்ட சிவப்பு பீரு, அதே ருசி வீட்டுல கொண்டார மூணு தடவை முயற்சி பண்ணி மூணும் பல்வலி மருந்து மாதிரி ஆயிடுச்சுன்னு பொலம்பின. "நீ குடிக்க வேணாம்பா, மோந்து மட்டும் பாத்து சொல்லு, இன்னா மசாலா"ன்ன. கிளாஸ்ல ஊத்தின. நெறம் பாத்தேன், நம்ம கடை ஸ்பெஷல் டிக்காஷனை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஒரு செவப்பு தெரியுமே, அது. மூக்குக்கிட்ட கொண்டு போனேன். சுக்கு இருக்குது, பட்டை இருக்குது, ஏலக்காய் கொஞ்சம், காஞ்ச ஆரஞ்சுத் தோல், சாதிக்காய் ஒரு சிட்டிகை. "டேய், இதுல கிராம்பே இல்லடா, நீ ஏன் கிராம்பைக் கொட்டி வெச்ச?"ன்னு கேட்டேன். நீ வாயைப் பொளந்த. அப்புறம் நான் மப்ளரைச் சுத்திக்கினு வெளிய போனேன் இல்ல, சும்மா நடந்துட்டு வர்றேன்னு? அது சும்மா இல்ல. எனக்கு வாயில எச்சில் ஊறிடுச்சுடா. பத்து வருசம் கழிச்சு, அம்பது வயசு தாண்டினவனுக்கு, ஒரு மோப்பத்துக்கு. அந்தக் குளிர் மழையில சர்ச் முனை வரைக்கும் போய், திரும்பி, மறுபடியும் போய், நாலு தடவை நடந்தேன். எனக்கு அழுகை வந்துச்சு. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு முடிவு பண்ணேன். மூக்கு என்னுது, நாக்கு உன்னுது. அந்தக் கோட்டை நான் தாண்டல.

அதுக்கப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து காய்ச்சினோம். மொளைகட்டிக் காய வெச்ச பார்லியை ஒடைச்சு வெந்நீர்ல ஊற வெச்சு, செவப்புக்காக நல்லா வறுத்த பார்லி ஒரு கை போட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணியைக் கசப்புக்கு ஹாப்ஸ்னு அந்தப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டோம். நீ மசாலாவை ஆரம்பத்துலயே போட வந்த. நான் கையைத் தட்டிவிட்டேன். அடுப்பை அணைக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போது போட்டோம். நீ கரண்டியில கொஞ்சம் எடுத்து, "இப்ப இதுல போதையே இல்லப்பா, ஈஸ்ட் போட்டாத்தான் போதை வரும், தைரியமாக் குடி"ன்ன. குடிச்சேன். கேழ்வரகு மால்ட்டுல சுக்கு போட்டு, முடிவுல லேசா ஒரு கசப்பு இருந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. நல்லா இருந்துச்சுடா. உண்மையாவே நல்லா இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு பாட்டில்ல ஊத்தற நாள், உனக்கு ஆஸ்பத்திரியில அவசர டியூட்டி வந்துடுச்சு. புள்ள வர்றதுக்குள்ள வேலையை முடிச்சு வைப்போம்னு நான்தான் இறங்கினேன். நீ ரப்பர் டியூப் வெச்சு சத்தம் இல்லாம மெதுவா இறக்கணும்னு சொல்லியிருந்த. எனக்கு அந்த டியூப்பைப் பாத்தா சிரிப்பு. நாப்பது வருசமா டீ போடறவனுக்கு டியூப்பா? ரெண்டு ஜக்கை எடுத்தேன். ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு, கையை முழுசா நீட்டி, ஆத்து ஆத்துன்னு ஆத்தினேன். நொரை அப்படி எழும்பிச்சு. ஆஹா, டீ மாஸ்டர் கை பட்டாத்தான்டா எதுவும் ருசின்னு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கினு, நாப்பது பாட்டிலையும் நொரையோட ரொப்பி மூடி அடிச்சு வரிசையா அடுக்கினேன். நீ வந்து அடுக்கின அழகைப் பாத்து சந்தோசப்பட்ட. ஆத்தினத நான் சொல்லல. பெருமையா அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

மூணு வாரம் கழிச்சு ஷீலாவையும் கூட வேலை செய்யற நாலு பேரையும் கூப்பிட்டு வெச்சு முதல் பாட்டிலைத் தொறந்த. மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். நெறம் செத்துப்போய் பழைய டிக்காஷன் மாதிரி. ரெண்டாவது பாட்டிலும் அதே, மூணாவதும் அதே. எல்லாரும் போனப்புறம் நீ கேட்ட, நான் சொன்னேன். "உன்னை யாருப்பா தொடச் சொன்னது? காத்து படக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"ன்னு கத்தின. எனக்கும் கோவம் வந்துச்சு. "பச்சத்தண்ணியைக் கூட ஆத்தித்தான்டா குடுப்பேன், நாப்பது வருசமா இந்தக் கை..."ன்னு சொல்லிக்கினே கையை நீட்டினேன். உன் கண்ணு என் கை மேல நின்னுச்சு. அப்புறம் உன் மணிக்கட்டு மேல நின்னுச்சு. நாப்பது பாட்டிலையும் சிங்க்குல கொட்டினோம். நீ கொட்டின, நான் பாட்டிலைக் கழுவினேன். நானா நாலு வார்த்தை பேச வேண்டிய நேரம் அதுதான், பேசல. பயந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு நீயே வந்து சொன்ன. "அப்பா, ஒண்ணு படிச்சேன். ஈஸ்ட் வேலையை முடிச்சப்புறம்தான் காத்து ஆவாது. போடறதுக்கு முன்னாடி, கொதிச்சது ஆறினப்புறம், அதுக்குக் காத்து நெறைய வேணுமாம். அப்ப ஆத்தறியா?" அந்த "ஆத்தறியா"வை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அடுத்த தடவை பானையை ஐஸ் தண்ணியில ஆற வெச்சுட்டு என்னைக் கூப்பிட்ட. ஆத்தினேன் பாரு. இருவது நிமிசம், கை மாத்தாம. உன் பக்கெட்டு அன்னிக்கு சாயங்காலமே குளுக் குளுக்னு சத்தம் போட ஆரம்பிச்சுடுச்சு. அஞ்சு வாரம் கழிச்சு ஷீலா குடிச்சுட்டு, "அங்கிள், இது அந்த டின் பீரை விட நல்லா உண்டு"ன்னு அவ தமிழ்ல சொன்னா. என் வேலையோட ருசி எனக்குத் தெரியாது. அவ மூஞ்சியில பாத்தேன், போதும்.

கல்யாணம் ஆவப்போறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்லணுமாம், அதனால சொல்றேன். சண்டை சூடா இருக்கும்போதே பேசித் தீத்துடு. அடங்கி, மூடி போட்டு, அடுக்கி வெச்சதுக்கு அப்புறம் போய்க் கிளறாத. நான் பன்னெண்டு வருசம் மூடியே வெச்சிருந்து இப்பத் தொறக்கறவன், எனக்கு இதச் சொல்ல யோக்கியதை இல்ல, ஆனாலும் சொல்றேன். இன்னொண்ணு. டியூட்டி முடிஞ்சு வந்து நீ எத்தினி பாட்டில் தொறக்கறன்னு கேக்கக் கூடாதுன்னு நெனைச்சேன். கேக்கறேன். எத்தினிடா? எனக்கு பதில் வேணாம், நீயே உனக்குச் சொல்லிக்க. நீ காய்ச்சறதுல எனக்குக் கோவம் இல்ல, அதுல நானும் பாதி வேலைக்காரன். ஆனா ஒரு நாள் காலைல எழுந்திரிச்சு ஊசி போடப் போற கை லேசா நடுங்கிச்சுன்னா, யார்கிட்டயும் வழுக்கிடுச்சுன்னு சொல்லாத. எனக்கு போன் அடி. அந்த நிமிசமே பிளேன் ஏறி வந்துடுவேன்.

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுலருந்து வந்ததும் உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். புள்ள தட்டல, என் கைதான் நடுங்கிச்சு, பன்னெண்டு வருசமா பொய் சொல்லிக்கினு இருந்தேன்னு. ரெண்டு நாள் என்கிட்ட பேசல, வடையை மட்டும் சுட்டுத் தட்டுல போட்டுக்கினு இருந்தா. மூணாம் நாள், "அன்னிக்கு அவனை எவ்வளவு திட்டினேன்யா"ன்னு சொல்லி அழுதா. எனக்கு அவ காலைப் பிடிக்கணும் போல இருந்துச்சு. அழுது முடிச்சுட்டுத்தான், இத எழுதுன்னு சொன்னா. அவளும் கல்யாணத்துக்கு வர்றா. பிளேன் பயமெல்லாம் இருக்கட்டும், புள்ளைகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிட்டா. நீ தடுக்காத, கேட்டுக்க.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம். கடை ஷட்டர்ல "மகன் கல்யாணம்"னு அட்டை எழுதி ஒட்டிட்டு வர்றேன். திருக்கழுக்குன்றம் ஆறு வாரம் வேற கடையில டீ குடிக்கட்டும், ஒண்ணும் கெட்டுப் போயிடாது. சுக்கும் பட்டையும் நான் கொண்டாறேன். ஆரஞ்சை நீ வாங்கித் தோலைக் காய வை. கிராம்பு வேணாம். மசாலாவை நான் போடறேன், ஆறினதும் நான் ஆத்தறேன். பாட்டில்ல ஊத்தும்போது என்னை வெளிய அனுப்பிடு, நான் உங்கம்மாவுக்கு சர்ச் முனையைக் காட்டறேன்.

அப்புறம் நான் சொல்ற இதை மட்டும் மறக்காம செய். நான் ஆத்தி முடிச்சதும், ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி, அதே பானையிலருந்து ஒரு டம்ளர் எனக்கு எடுத்து ஃப்ரீசர்ல வெச்சுடு. அது போதை ஏறாதது. மேடையில நான் தூக்கற கிளாஸ் அதுதான். உங்க கிளாஸ்ல இருக்கறதும் அதே பானை, அதே பார்லி, அதே சுக்கு, நெறமும் கிட்டத்தட்ட அதே. ஷீலா அப்பாகிட்ட இத நானே சொல்லிக்கறேன், மறைச்சு நிக்க மாட்டேன். ஒரு வாய் இல்ல, முழு டம்ளரும் குடிப்பேன்.

அன்னிக்கு வேற யாரும் உனக்கு ஊத்த வேணாம். நான் ஊத்தறேன். டீ ஆத்தற மாதிரி இல்ல, கிளாஸ் ஓரத்துல மெதுவா. கிளாஸை இடது கையில பிடி, சட்டைக் கையை மேல ஏத்தி விட்டுக்க, எல்லாரும் பாக்கட்டும். இந்தத் தடவை உன் கை மேல ஒரு சொட்டு விழாதுடா.

அப்பா